ஊர் வாழும் நாவல்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் ஊரின் மண்ணும் காற்றும் நிறைந்த நாவல்களை ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் ஆசையாக வாங்குகிறோம். சித்திரை வெயில் வருவதற்குள் அவற்றில் பல, பாதியில் மடித்த பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடுகின்றன. மெதுவாகப் போகிறது, பேச்சு புரியவில்லை என்று காரணம் சொல்கிறோம். படிக்கும் விதத்தைச் சற்று மாற்றினால் இவற்றில் பெரும்பாலானவை நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஊரை வருணனையில் மட்டும் தேடுவது. மலையும் ஆறும் கோபுரமும் வரும் பத்திகள்தான் ஊர், மற்றதெல்லாம் கதை என்று பிரித்துவிடுகிறோம். நல்ல நாவலில் ஊர் இருப்பது, அங்கே வாழ்பவர்கள் தினமும் செய்தே தீர வேண்டிய வேலைகளில்.

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மெரினாவோ கபாலீசுவரர் கோயிலோ அதில் காட்சிப் பொருளாக வருவதில்லை. ஜமுனாவும் சாயாவும் வாழும் தெருவில் குழாய் வறண்டு கிடக்கிறது. எந்த வீட்டுப் பம்பில் தண்ணீர் வரும், அந்த வீட்டுக்காரர் விடுவாரா, போகும்போது யாருடைய வாய்க்கு ஆளாக வேண்டும் என்ற கணக்கிலேயே பொழுது விடிகிறது. குடமும் வாளியும் தூக்கித் தோண்டிப் போட்ட தெருவில் நடக்கிறார்கள். இதுதான் சென்னை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, தண்ணீர் லாரி வரும் நேரத்துக்காகத் தூக்கம் விழித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே இப்படிப் படித்துப் பாருங்கள்: குடத்தை யார் தூக்குகிறார்கள், எந்த நேரத்தில், வரிசையில் நிற்கும்போது யாரோடு பேசுகிறார்கள், யாரோடு பேசுவதில்லை. கடந்து போகத் தோன்றும் அந்தச் சின்னத் தகவல்களில்தான் ஊரும் மனிதர்களும் ஒருசேர வெளிப்படுகிறார்கள்.

அடுத்தது வட்டார வழக்கு. புரியவில்லை என்று மூடிவைப்பது ஒரு தவறு. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் தேடுவது அதைவிட மோசமான தவறு. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ மீனவர் மொழியில் நகர்வது. கடலில் கட்டுமரம் செலுத்துகிறவனுக்குக் காற்று என்று பொதுவாக ஒன்று கிடையாது. வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்கொரு பெயர். எந்தக் காற்று எந்தத் திசை என்று உடனே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வாய்விட்டுப் படியுங்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போது கரையில் நிற்பவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பொருள் தானாக வந்து சேரும். அகராதியைப் பிறகு, நாவலை முடித்த நிதானத்தில் எடுங்கள். கரிசல் வழக்குக்குக் கி. ராஜநாராயணனும், கொங்கு வழக்குக்குப் பெருமாள்முருகனும் தொகுத்த சொல்லகராதிகள் தனியாகவே படிக்கத் தகுந்தவை.

கைப்பேசி வரைபடத்தில் தெருவைத் தேடிக்கொண்டே படிப்பதும் இப்போது பெருகிவிட்டது. ‘ஆழி சூழ் உலகின்’ ஆமந்துறை கற்பனைப் பெயர், வரைபடத்தில் கிடைக்காது. கிடைக்கிற ஊராக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நிலத்தோடு பொழுதையும் சேர்த்துத்தான் தொல்காப்பியம் முதற்பொருள் என்கிறது. பொழுதை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிதான் கையில் இருக்கும். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவல் காட்டும் செகந்திராபாத், நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களில் இருக்கும் ஊர். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றும் ஐதராபாத் இந்தியாவோடு சேரவில்லை. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தது. இந்த இரண்டு வரி தெரியாமல் படித்தால், கல்லூரி மாணவன் சந்திரசேகரன் சைக்கிளில் போகும் தெருக்கள் வெறும் தெருக்களாகவே தெரியும், அவற்றில் ஏறிக்கொண்டே வரும் அச்சம் பிடிபடாது. ஆண்டைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அதற்குமேல் வரலாற்றுப் பாடம் தேவையில்லை.

சென்னைவாசிகள் செய்யும் தவறு ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். ‘நம் ஊர்தானே, தெரிந்ததுதானே’ என்று சென்னை நாவல்களை ஒதுக்கிவிடுகிறோம். தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தின் ஓரத்தில் வாழும் மக்களின் கதை. அண்ணா சாலையிலிருந்து நடந்து போகும் தூரம்தான். அந்தப் பேச்சையும் வழிபாட்டையும் இழப்புகளையும் அறியாமலேயே ஆயுள் முழுவதும் இந்த நகரத்தில் இருந்துவிட முடியும். ‘தண்ணீர்’ காட்டும் நடுத்தர வர்க்கத் தெருவும் சென்னைதான், பேட்டையும் சென்னைதான். ஒன்றை மட்டும் படித்து ஊர் தெரிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து படியுங்கள்.

மின்சார ரயிலில் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே மூன்று பக்கம் என்று பிய்த்துப் படிப்பதும் இவ்வகை நாவல்களுக்கு ஒத்துவராது. தொடக்கத்துக்காவது ஒரு முழு மாலையைக் கொடுங்கள்.

கடைசியாக, கதை எங்கே நடக்கிறதோ அது மட்டுமே நாவலின் ஊர் என்று எண்ண வேண்டாம். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இந்தோனேசியாவின் மெடானிலும் மலேயாவின் பினாங்கிலும் நடக்கிறது. ஆனால் நாயகன் பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்களும் சொந்த ஊரான சின்னமங்கலமும் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கின்றன. சண்டைப் பக்கங்களுக்கு விரைவதற்காக அந்த நினைவுகளைத் தாண்டிவிட்டால், அவன் எதை விட்டுவந்து அங்கே நிற்கிறான் என்பது தெரியாமலே நாவலை முடித்திருப்பீர்கள்.