அமெரிக்காவில் டிரக் கம்பெனி தொடங்க: டிஓடி நம்பரிலிருந்து முதல் லோடு வரை

டெக்சாஸில் மச்சானோடு சேர்ந்து டிரக் கம்பெனி பதிவு செய்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். எல்எல்சி (கம்பெனிப் பதிவு) தொடங்குவது, சிடிஎல் (கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ்) எடுப்பது எல்லாம் இதில் இல்லை. வரித்துறையான ஐஆர்எஸ் தரும் இஐஎன் (கம்பெனியின் வரி எண்) இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளங்கள் பக்கமே போகாதீர்கள். எல்எல்சி பத்திரத்தில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். எதற்கு என்பது கீழே வரும்.

படி 1: எந்த நம்பர் வேண்டும்?
வண்டியின் ஜிவிடபிள்யூஆர் (சரக்கோடு சேர்த்துத் தாங்கும் அதிகபட்ச எடை) 10,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, மாநிலம் தாண்டிய சரக்குப் போக்குவரத்தில் இறங்கினால் யுஎஸ் டிஓடி நம்பர் (பெடரல் போக்குவரத்துத் துறை தரும் அடையாள எண்) கட்டாயம். சொந்தச் சரக்கை மட்டும் ஏற்றுபவருக்கு அதுவே போதும். அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றினால் எம்சி நம்பரும், அதாவது ஆப்பரேட்டிங் அதாரிட்டியும் (வாடகைக்குச் சரக்கு ஏற்றும் அனுமதி) வேண்டும். பதப்படுத்தாத காய்கறி, பழம் மட்டும் ஏற்றினால் எம்சிக்கு விலக்கு உண்டு.

டெக்சாஸை விட்டு வெளியே போகப் போவதில்லையே என்பவர்கள் சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டு கன்டெய்னரை டல்லாஸில் சேர்ப்பதும் பெடரல் கணக்கில்தான் வரும்.

படி 2: விண்ணப்பம்
டிரக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் பெடரல் அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் தளத்தில் ஆன்லைனிலேயே முடியும். ஒரு வகை அதாரிட்டிக்கு 300 டாலர், திரும்ப வராது. புரோக்கர் (லோடு பிடித்துக் கொடுப்பவர்) வகையையும் சேர்த்து டிக் செய்யச் சொல்லிப் பலர் ஆசை காட்டுவார்கள். அதற்கு இன்னொரு 300 டாலரும் 75,000 டாலர் பாண்டும் (உத்தரவாதப் பத்திரம்) வேண்டும். புதிதாக வருபவருக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

போன் நம்பர் கேட்கும் இடத்தில் சொந்த மொபைலைக் கொடுக்காதீர்கள். அந்தத் தகவல் பொதுவில் போய்விடும். மறுநாளிலிருந்தே அரசு அலுவலகம் மாதிரி பேசி கார்டு நம்பர் கேட்பார்கள். தனியாக ஒரு நம்பர் வாங்கிவிடுங்கள்.

படி 3: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்
எம்சி நம்பர் கைக்கு வந்ததும் லோடு ஏற்றக் கூடாது. நம்பர் வந்ததாலேயே அனுமதி வந்துவிடாது. அதாரிட்டி ஆக்டிவ் ஆக மூன்று விஷயம் நடக்க வேண்டும்.

முதலாவது, எஃப்எம்சிஎஸ்ஏ ரெஜிஸ்டரில் உங்கள் விண்ணப்பம் வெளியாகி, ஆட்சேபத்துக்கான 10 நாள் கழிய வேண்டும். இரண்டாவது, பிஓசி-3. ஒவ்வொரு மாநிலத்திலும் உங்கள் சார்பில் கோர்ட் நோட்டீஸ் வாங்க ஓர் ஏஜென்ட் இருக்கிறார் என்ற பதிவு அது. டிரக்காரர் தானாகத் தாக்கல் செய்ய முடியாது, ஏஜென்ட்தான் செய்வார். வருடா வருடம் கட்டணம் கேட்பவரை விட்டு, ஒரே தடவை வாங்குபவரைத் தேடுங்கள்.

மூன்றாவது இன்ஷூரன்ஸ். சாதாரணச் சரக்குக்குச் சட்டம் கேட்பது 7,50,000 டாலர் லயபிலிட்டி (விபத்தில் அடுத்தவருக்கு ஆகும் இழப்புக்கான காப்பீடு). ஆனால் புரோக்கர்கள் பெரும்பாலும் 10 லட்சமும், கார்கோவுக்கு 1 லட்சமும் இல்லாமல் லோடு தர மாட்டார்கள். பாலிசி பேப்பர் உங்களிடம் இருந்தால் போதாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியே அதற்கான பிஎம்சி-91 அல்லது 91எக்ஸ் படிவத்தை நேரடியாக எஃப்எம்சிஎஸ்ஏவுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் விஷயத்தில் ஏஜென்ட் "அனுப்பியாச்சு" என்றார், தளத்திலோ ஒன்றும் ஏறவில்லை. பார்த்தால் எங்கள் கம்பெனிப் பெயரில் "டிரான்ஸ்போர்ட்" என்பதை "டிரான்ஸ்போர்ட்டேஷன்" என்று அடித்திருந்தார்கள். அந்தத் தாளை ஒட்டச் சொன்னது இதற்காகத்தான். பெயர், முகவரி, டிஓடி நம்பர் மூன்றையும் மெயிலில் நீங்களே அனுப்பி, அதிலிருந்தே காப்பி செய்யச் சொல்லுங்கள்.

தினமும் சேஃபர் தளத்தில் (கம்பெனி விவரம் தேடும் எஃப்எம்சிஎஸ்ஏ தளம்) உங்கள் டிஓடி நம்பரைப் போட்டுப் பாருங்கள். அனுமதி உண்டு என்று காட்டும் வரை வண்டியை எடுக்காதீர்கள். ரோட்டில் பிடித்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள், அபராதம் வேறு.

படி 4: மீதி வேலைகள்
யுசிஆர் (மாநிலம் தாண்டி ஓடும் கம்பெனிகளின் பதிவு) கட்டணம் வருடா வருடம். 26,000 பவுண்டுக்கு மேல் என்றால் ஐஆர்பி பிளேட்டும் (பல மாநிலங்களில் செல்லும் நம்பர் பிளேட்) இஃப்டாவும் (மாநிலங்களுக்கான எரிபொருள் வரிக் கணக்கு). 55,000 பவுண்டிலிருந்து ஐஆர்எஸ் 2290 வரி (கனரக வண்டிகளுக்கான சாலை வரி). 75,000 பவுண்டைத் தாண்டினால் வருடத்துக்கு 550 டாலர். இதை ஆன்லைனில் கட்டினால் வரி கட்டியதற்குச் சான்றான, ஸ்டாம்ப் வைத்த ஷெட்யூல் 1 சீக்கிரம் வரும், பிளேட் வாங்கும்போது அதைக் கேட்பார்கள். இஎல்டி (டிரைவர் ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி) வாங்கும் முன் எஃப்எம்சிஎஸ்ஏ நீக்கிய கருவிகளின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். விலை மலிவு என்று எதையாவது வாங்காதீர்கள்.

ஒரே டிரைவர், அவரே முதலாளி என்றாலும் போதைப்பொருள் பரிசோதனை நடத்தும் கன்சார்ட்டியத்தில் (பல கம்பெனிகளுக்கான கூட்டு ஏற்பாடு) சேர வேண்டும், கிளியரிங்ஹவுஸில் (அந்தப் பரிசோதனை மீறல்களுக்கான பெடரல் பதிவேடு) பதிய வேண்டும். முதல் 12 மாதத்துக்குள் சேஃப்டி ஆடிட் வரும். போதைப்பொருள் பரிசோதனை ஏற்பாடே இல்லையென்றால் அந்த ஒரு காரணத்துக்கே ஃபெயில்.

பிற்சேர்க்கை: "எதுவும் மாறவில்லையே, எம்சிஎஸ்-150ஐ (டிஓடி நம்பருக்கான கம்பெனி விவரப் படிவம்) ஏன் புதுப்பிக்க வேண்டும்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மாறாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம், கட்டணம் கிடையாது. டிஓடி நம்பரின் கடைசி இலக்கம் மாதத்தைச் சொல்லும்: 1 என்றால் ஜனவரி, 0 என்றால் அக்டோபர். அதற்கு முந்தைய இலக்கம் ஒற்றைப்படையானால் ஒற்றைப்படை வருடம், இரட்டைப்படையானால் இரட்டைப்படை வருடம். 47 என்று முடிந்தால் 2026, 2028 ஜூலைக்குள் புதுப்பிக்க வேண்டும்.