செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கடைசியில் கழற்றுங்கள்

போன வாரம் வேலை பழகும் பையன் ஒருவன் ஒரு பைக்கின் செல்ஃப் மோட்டாரை (பட்டனை அமுக்கினால் இன்ஜினைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் மோட்டார்) கழற்றித் துணியில் சுற்றி எடுத்து வந்தான். "அண்ணே, மோட்டார் போயிருச்சு, புதுசு போட்டுடலாமா?" எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பட்டனை அமுக்குனா டிக்குனு ஒரு சத்தம், அதோட சரி. பேட்டரியெல்லாம் பார்த்துட்டேன், 12.6 காட்டுது" என்றான். இதே வசனத்தை, இதே நம்பிக்கையோடு, நானும் பேசியிருக்கிறேன். கழற்றியதைத் திரும்ப மாட்டு, அப்புறம் பேசலாம் என்று அனுப்பினேன்.

கில் சுவிட்ச் ஆஃபில் இருப்பது, சைடு ஸ்டாண்டை எடுக்காமல் விடுவது, கியரில் வைத்துக்கொண்டு கிளட்ச் பிடிக்காமல் பட்டனை அமுக்குவது, இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஒருமுறை அசிங்கப்பட்டால் தானாகச் சரியாகிவிடும்.

சும்மா நிற்கும் பேட்டரியை அளந்துவிட்டு நம்புவது

12.6 வோல்ட் என்றால் பேட்டரி சார்ஜ் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். செல்ஃப் இழுக்கும் அளவுக்கு ஆம்பியர் கொடுக்க அதற்குத் தெம்பு இருக்கிறதா என்பது அதில் தெரியாது. மீட்டரை பேட்டரியில் வைத்தபடியே பட்டனை அமுக்குங்கள், அப்போது காட்டுவதுதான் கணக்கு. 10-க்கு மேல் நின்று மோட்டாரும் சுற்றினால் நல்லது. 7, 6 என்று விழுந்தால் பேட்டரி கிழடு, இல்லையென்றால் மோட்டார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியோ இறுகியோ இருக்கிறது. ரிலே, அதாவது பட்டனை அமுக்கினால் பேட்டரி கரண்டை மோட்டாருக்குத் திறந்துவிடும் சுவிட்ச், கடகடவென்று வேகமாக அடிப்பதும் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டிக் என்று ரிலே அடிக்கிறது, மோட்டார் அசையவில்லை, பேட்டரியில் வோல்ட்டும் விழவில்லை, 12.4-லேயே நிற்கிறது. கரண்ட் பேட்டரியை விட்டுக் கிளம்பவே இல்லை என்று அர்த்தம். வழியில் எங்கோ அடைப்பு. பையன் வண்டி எனக்கு இந்த வகையாகத்தான் தோன்றியது.

மோட்டாரை மாற்றிவிட்டுக் காரணத்தைத் தேடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், காரணம் நான் இதில் இரண்டு மோட்டார் அளவுக்குப் பணத்தைத் தொலைத்தவன். என் பழைய வண்டியில் இன்ஜினுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்தேன், அழகாக வந்தது. அடுத்த சில வாரங்களில் செல்ஃப் மக்கர். காலையில் எடுக்கும், வண்டி சூடானால் எடுக்காது, தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டும். மோட்டார்தான் என்று முடிவு கட்டிப் புதுசு போட்டேன். உடனே ஜோராக எடுத்தது! சந்தேகம் தீர்ந்தது என்று பழையதைத் தூக்கிப் போட்டேன். பத்து நாளில் அதே டிக். புது மோட்டாரும் டூப்ளிகேட் போல என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே இன்னொன்று மாற்றினேன், அதுவும் உடனே எடுத்தது, அதுவும் சில நாளில் படுத்தது.

ஒருநாள் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாசனை. ஹேண்டில்பார் பக்கம் கையை வைத்தால் கிளட்ச் கேபிள் சுடுகிறது. கிளட்ச் கேபிள் எதற்குச் சுட வேண்டும்? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயர் ஒன்றுதான். திரும்பி வரும் கரண்ட் மோட்டாரின் பாடி வழியாக இன்ஜினுக்கு வந்து, அங்கிருந்து எர்த் வயர் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குப் போக வேண்டும். நானோ எர்த் வயரின் வளையத்தை நல்ல கெட்டியான பெயிண்டுக்கு மேலேயே வைத்து முறுக்கியிருந்தேன். போல்ட்டின் மரையில் ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வழி கிடைக்காத கரண்ட், இன்ஜினையும் ஃபிரேமையும் இணைக்கும் கிளட்ச் கேபிளைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

சரி, அப்படியானால் புது மோட்டார் போட்டதும் ஏன் எடுத்தது? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். மோட்டாரை மாற்ற முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுகிறோம், தடிமனான வயரைக் கழற்றுகிறோம், மோட்டார் உட்காரும் இடத்தைத் துடைக்கிறோம், பக்கத்தில் இருக்கும் எர்த் போல்ட்டையும் ஒரு திருகு திருகுகிறோம். பூத்துப்போன இடமெல்லாம் உரசிப் புதுசாகிவிடுகிறது. அதனால் எந்த மோட்டாரைப் போட்டாலும் எடுக்கும், கழற்றிய பழையதையே திரும்பப் போட்டாலும் எடுக்கும். பாராட்டு மட்டும் புது மோட்டாருக்குப் போய்விடும்.

"வயரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். மீட்டரின் இரண்டு முனைகளை ஒன்றோடு ஒன்று தொட்டாலே 0.2 ஓம் காட்டும் மீட்டரில் என்ன தெரியும்? ஒரு கணக்கு போடுவோம். செல்ஃப் கிளம்பும்போது 80 ஆம்பியர் இழுக்கிறது, வழியில் 0.04 ஓம் தடை என்றால் அங்கேயே 3.2 வோல்ட் காலி. அந்த 0.04-ஐ சாதாரண மீட்டரில் பிடிக்கவே முடியாது. டெஸ்ட் பல்பு இதைவிட மோசம், வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பளிச்சென்று எரிந்து பொய் சொல்லும். நியூட்ரல் விளக்கு பிரகாசமாக எரிகிறது என்று நிம்மதி அடைவதும் இதே கதைதான்.

கரண்ட் ஓடும்போது வோல்ட்டில் அளக்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் வையுங்கள், மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில், கிளாம்ப்பில் வேண்டாம், முனையின் ஈயத்திலேயே. மறுமுனை மோட்டாரின் பாடியில், பெயிண்ட் இல்லாத இடத்தில். பட்டனை இரண்டு நொடி அமுக்குங்கள். 0.2, 0.3 வந்தால் எர்த் பக்கம் சுத்தம், 1-ஐத் தாண்டினால் அங்கேதான் ஆள் ஒளிந்திருக்கிறான். அடுத்து பேட்டரி பாசிட்டிவிலிருந்து மோட்டாரின் டெர்மினலுக்கு இதே மாதிரி, அரை வோல்ட்டுக்குள் வர வேண்டும். அதிகமாக இருந்தால் ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் நடுவில் பாருங்கள். அமுக்காதபோது 12 காட்டும், அது சரி. அமுக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யமாக வேண்டும், 2, 3 என்று நின்றால் ரிலேயின் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. டிக் சத்தம் வந்தால் ரிலே நல்லது என்பது வெறும் நம்பிக்கை. ரிலேயின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் இழுக்கிறது என்பதற்கு மட்டும்தான் அந்தச் சத்தம் சாட்சி.

கடைசியாக மோட்டார் டெர்மினலுக்கும் அதன் பாடிக்கும் நடுவே அளங்கள். அமுக்கும்போது 10-க்கு மேல் வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், சரி, இப்போது கழற்றுங்கள்.

ஸ்க்ரூடிரைவரை வைத்து ரிலேயை ஷார்ட் செய்வது

செய்யாதே என்றால் யாரும் கேட்கப் போவதில்லை, நானே செய்கிறேன். ஆனால் அப்படிச் செய்யும்போது நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், ஸ்டாண்ட் சுவிட்ச் எதுவும் காவலுக்கு இல்லை. கியரில் இருந்தால் வண்டி எகிறும். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் தீப்பொறிக்கு அது போதும்.

பட்டனை விடாமல் அமுக்குவது

ஐந்து நொடி. அப்புறம் அரை நிமிடம் ஓய்வு. மோட்டாரை எரித்துவிட்டு என்னிடம் வர வேண்டாம்.

பட்டனை விட்ட பிறகும் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தால்

ரிலே ஒட்டிக்கொண்டது. சாவியை அணைத்துப் பயனில்லை. பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

மோட்டாரை அவசரமாகப் பிரிப்பது

பிரிப்பதற்கு முன் மூடியிலும் பாடியிலும் உள்ள கோடுகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டெர்மினல் போல்ட்டில் வரும் வாஷர்களின் வரிசையையும் எடுங்கள். அதில் ஃபைபரோ பிளாஸ்டிக்கோ ஒன்று இருக்கும், அதை இடம் மாற்றிப் போட்டாலோ தொலைத்தாலோ பாசிட்டிவ் நேராக பாடியைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். வெளி நட்டைக் கழற்றும்போது உள் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடியுங்கள், இல்லாவிட்டால் போல்ட்டே சுற்றி உள்ளே பிரஷ் வயர் பிய்ந்துவிடும். காம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள் உள்ள உருளை) மெல்லிய உப்புத்தாளால் துடைத்தபின் பட்டைகளுக்கு இடையில் உள்ள பள்ளங்களில் கார்பன் தூள் அடைந்திருக்கிறதா பாருங்கள். பலர் மேலே பளபளவென்று ஆக்கிவிட்டுப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

சுத்தியல்

காந்தம் உடையும். தட்டாதீர்கள்.

மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, இன்ஜின் திரும்பவில்லை

மோட்டாரின் சுற்றை இன்ஜினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச் போயிருக்கிறது. வயரை நோண்டாதீர்கள்.

பையன் மறுநாள் மோட்டாரை மாட்டிவிட்டு வந்தான். பட்டனை அமுக்கினான், முதல் அமுக்கிலேயே எடுத்துவிட்டது, அவன் போய்விட்டது என்று சொன்ன அதே மோட்டாரில். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அப்ப சரியாயிருச்சாண்ணே?" என்றான். மீட்டரை அவன் கையிலேயே கொடுத்து எர்த் பக்கம் அளக்கச் சொன்னேன். 1.1 காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எமரித்தாள், ஒரு பல் வாஷர், கால் மணி நேர வேலை. மறுபடி அளந்தபோது 0.15.