முதல் வெளிநாட்டுப் பயணம்: டிக்கெட் போடும்போதே நடந்துவிடும் தவறுகள்

முதல் முறை வெளிநாடு போகிறோம் என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். எங்கே படம் எடுக்க வேண்டும், எதைச் சாப்பிடாமல் வரக் கூடாது, எங்கே பேரம் பேசலாம் என்று பட்டியல் நீளும். பயணத்தையே கவிழ்க்கிற தவறுகள் அந்தப் பட்டியலில் இருக்காது. அவை பெரும்பாலும் கிளம்புவதற்கு முன்பே, டிக்கெட் போட உட்கார்ந்த நாற்காலியிலேயே நடந்து முடிந்திருக்கும். விமான நிலைய கவுன்டரில்தான் தெரியவரும்.

பாஸ்போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். "இன்னும் நாலு மாதம் இருக்கிறதே, பத்து நாளில் திரும்பிவிடுவோமே" என்று கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு. சிங்கப்பூர், இந்தோனேசியா மாதிரியான நாடுகளில் போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய நாடுகளின் கூட்டம்) கணக்கு வேறு: அங்கிருந்து வெளியேறும் தேதிக்கு அப்பாலும் மூன்று மாதம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் கொடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கவும் கூடாது. கவுன்டரில் இருப்பவரிடம் கெஞ்சிப் பயனில்லை. சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும் அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பும் விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். அதனால் கவுன்டரில் இருப்பவர் கணினியைப் பார்ப்பார், அது வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயரில் போட்டுவிட்டு, திருத்தக் கட்டணம் கேட்டால் முழிப்பார்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்து எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

விசா ஸ்டிக்கரை வரி வரியாகப் படியுங்கள்

விசா கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம், படிப்பதில்லை. ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே, தங்கக்கூடிய நாட்கள் என்று தனியாக ஓர் எண். இரண்டும் ஒன்றல்ல. தேதி வரம்பு முப்பது நாளாக இருந்தாலும் எண் 15 என்று இருந்தால் பதினைந்து நாள்தான் இருக்கலாம். இறங்குகிற நாளும் ஒரு நாள், கிளம்புகிற நாளும் ஒரு நாள். அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எத்தனை முறை நுழையலாம் என்பதும் இருக்கும். அங்கே 01 என்று போட்டிருந்தால், பாரிஸில் இறங்கி, நடுவில் இரண்டு நாள் லண்டன் பார்த்துவிட்டு மறுபடி பாரிஸ் வரலாம் என்ற திட்டம் அங்கேயே முடிந்தது. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. லண்டனுக்கு வேறு விசா வேண்டும், திரும்பி நுழையவும் முடியாது.

ஐந்து வருடத்துக்கு முன் போய்வந்தவர் சொன்னதை நம்புவதும் ஆபத்து. குரோஷியா 2023இல்தான் ஷெங்கனில் சேர்ந்தது. அதற்கு முன் போனவரின் கணக்கு இன்றைக்கு உதவாது.

வழியில் விமானம் மாறும் நாட்டையும் மறந்துவிடுகிறார்கள். "நாங்கள் வெளியே போகப் போவதில்லையே" என்பது எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்க விமான நிலையங்களில் சர்வதேசப் பயணிகளுக்கென்று தனி டிரான்சிட் பகுதி கிடையாது. மூன்று மணி நேரம் காத்திருந்து வேறு நாட்டுக்குப் பறக்கப் போகிறவரும் குடிநுழைவு வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும், அதற்குரிய அனுமதி கையில் இருக்க வேண்டும். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் இன்னொரு சிக்கல்: முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை.

அப்புறம் நள்ளிரவு விமானம். 12ஆம் தேதி 00.20 என்று இருந்தால் 11ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் 12ஆம் தேதி ராத்திரி போய் நிற்பவர்கள் உண்டு.

சில நாடுகளுக்கு வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரின் படிவம் இலவசம், இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். தேடலில் முதலில் வரும் தளத்தைத் திறந்தால், அதே படிவத்துக்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போய் விழ வாய்ப்பு அதிகம். முகவரி அந்த நாட்டு அரசுடையதா என்று பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

பெட்டிக்குள் இருப்பவை

மருந்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரலாம். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது, டாக்டர் சீட்டு இருந்தாலும்கூட. மற்ற மருந்துகளை அதன் அட்டையோடு, சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். மாத்திரைகளை உதிர்த்துச் சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுபோவது வசதிதான், அதிகாரி கேட்டால் பதில் இருக்காது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் உணவுப் பொருளை மறைக்க வேண்டாம். படிவத்தில் "இருக்கிறது" என்று எழுதினால் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், அல்லது வாங்கி வைத்துக்கொள்வார்கள். எழுதாமல் ஓர் ஆப்பிள் பையில் கிடந்தால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடலாம். விமானத்தில் கொடுத்த பழமாயிற்றே என்பது செல்லாது.

பவர் பேங்க் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட் மணிக்குள் (Wh) இருந்தால் பொதுவாகச் சிக்கலில்லை. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது ஏறக்குறைய 74 வாட் மணி. பிளக் அடாப்டர் வாங்குகிறவர்கள் அது மின்னழுத்தத்தை மாற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். போன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். முடி உலர்த்தும் கருவி பெரும்பாலும் தாங்காது.

கார்டு இயந்திரம் கேட்கும் கேள்வி

பணத்தில் ஒரு தவறு மட்டும் எல்லோரும் செய்வது. கடையில் கார்டைக் கொடுக்கிறீர்கள். இயந்திரத் திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று அந்த நாட்டுப் பணத்தில், இன்னொன்று உங்கள் நாட்டுப் பணத்தில். நமக்குப் புரிகிற தொகையை விரல் தானாகத் தொட்டுவிடும். அங்கேதான் இருக்கிறது வலை. உங்கள் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது உங்கள் வங்கி அல்ல, அந்தக் கடைக்காரரின் கட்டணச் சேவை. அவர்களுடைய லாபம் அந்த விகிதத்துக்குள் உட்கார்ந்திருக்கும். எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தொடுங்கள். ஏடிஎம்மும் இதையே வேறு வார்த்தையில், "மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா?" என்று கேட்கும். ஏற்கவில்லை என்று அழுத்தினாலும் பணம் வரும், பயப்பட வேண்டாம். "கமிஷன் இல்லை" என்று பலகை வைத்திருக்கும் நாணய மாற்றுக் கடையிலும் கதை இதேதான், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்.

போனில் நான் சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டு, பழைய சிம்மை ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துப் பர்ஸில் வைத்தேன். அன்று இரவு ரயில் டிக்கெட் வாங்கப் போனால் வங்கி ஓடிபி அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது. எங்கே அனுப்பியது? பர்ஸுக்குள் தூங்குகிற சிம்முக்கு. ஊசி இல்லாமல், ஹோட்டல் வரவேற்பில் ஒரு காதணியை இரவல் வாங்கி சிம் தட்டைத் திறந்தேன். ரோமிங்கை இயக்கி வைக்காததால் அப்போதும் ஓடிபி வரவில்லை. இப்போதெல்லாம் டேட்டாவுக்கு இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்), பழைய எண் குறுஞ்செய்திக்கு மட்டும் உயிரோடு. கிளம்பும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுகிறேன்.

ஏழு நாளில் ஐந்து நகரம் என்று போடுகிறவர்களுக்கு ஒன்று. நகரம் மாறும் ஒவ்வொரு முறையும் அறையைக் காலி செய்து, நிலையம் போய், இறங்கி, புது அறை திறக்கும்வரை காத்திருப்பதில் அரை நாள் போய்விடும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பது போன்ற விஷயங்களையும் அந்தத் திட்டத்தில் சேர்த்துப் பாருங்கள். இத்தாலியில் காகித டிக்கெட்டோடு உள்ளூர் ரயில் ஏறினால், முதலில் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் வாங்கியும் அபராதம் கட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

திரும்பும் நாளுக்கும் ஒரு தவறு மிச்சம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெறலாம் என்று பில்லையெல்லாம் பத்திரமாகச் சேர்த்திருப்பார்கள். பிரிட்டனில் 2021 முதல் அந்தச் சலுகை சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடையாது, வட அயர்லாந்து மட்டும் விதிவிலக்கு. மற்ற இடங்களில் பெட்டியை ஒப்படைக்கும் முன் சுங்க மேசைக்குப் போக வேண்டும். முதலில் பெட்டியை விட்டுவிட்டு நிதானமாகப் போய் நின்றால், அதிகாரி பில்லைப் பார்த்துவிட்டு "பொருள் எங்கே?" என்று கேட்பார். அதற்குள் அது விமானத்தின் வயிற்றுக்குள் போயிருக்கும்.