கொழும்பின் மழையில் சல்வியாப் புதர்

சல்வியா என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, அலுவலக முற்றங்களிலும் வீதிச் சுற்றுவட்டங்களிலும் சில மாதங்கள் சிவந்து நின்று, பின்னர் பிடுங்கப்பட்டுவிடும் குட்டைச் செடியே ஆகும். பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சல்வியா ஸ்பிளென்டென்ஸ் அது. அதன் உறவினர்களுள், அடித்தண்டு மரமாகத் தடித்து, ஆண்டுக்கணக்கில் நின்று, வெட்ட வெட்டத் தழைத்துப் பூக்கும் புதர் வகைகள் பல உள்ளன. கொழும்பின் வீட்டுத் தோட்டத்திலும் தொடர்மாடிப் பல்கனியிலும் அவற்றை எவ்வாறு வளர்க்கலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

சல்வியா துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாற்கோணத் தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், கசக்கினால் எழும் மணம், நுனியில் அடுக்கடுக்காக ஏறும் பூங்கதிர் ஆகியவை அனைத்தும் முற்றத்துத் துளசியில் நாம் பார்த்தவையே. துளசியைப் போலவே இதற்கும் வெயில் வேண்டும். கொழும்பில் இச்செடியின் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் வெயிலன்று, வேரடியில் நிற்கும் நீரே. நான் முதன்முதலில் வாங்கிய செடி மலைநாட்டிலிருந்து வந்தது. தும்புத்தூள் நிறைந்த சாடியில், அடியில் தட்டும் வைத்து அதை வளர்த்தேன். மே மாத மழை தொடங்கி மூன்றாவது வாரத்தில், இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டது. நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகியிருந்தது. ஈரமண்ணில் நின்றபடி துவளும் சல்வியாவுக்கு ஒருபோதும் நீர் ஊற்றக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆகவே, எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்பதே முதற் கேள்வி. கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இரவிலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை. இந்தச் சூழலுக்கு மிக எளிதாகப் பழகுவது சல்வியா கொக்சினியா. சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை நிறங்களில் பூக்கும் இச்செடி ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரம் வளரும். உதிர்ந்த விதையிலிருந்து தானாகவே முளைக்கும். புதிதாகத் தொடங்குவோர் இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. நீலநிறக் கதிர்களைத் தரும் சல்வியா ஃபரினேசியாவும் வெப்பத்தைத் தாங்கும். உயரம் குறைவானதால் சாடிக்கு ஏற்றது. இடம் உள்ளவர்கள் தென் அமெரிக்காவின் சல்வியா குவரனிட்டிகாவை நடலாம். அதன் ஆழ்ந்த நீலப் பூக்கள் மழைநாளின் மங்கிய ஒளியில்கூட எடுப்பாகத் தெரியும்; மற்றவற்றைவிடச் சற்று ஈரத்தையும் அது பொறுத்துக்கொள்ளும். அர்ஜென்டினாவில் கண்டெடுக்கப்பட்ட 'அமிஸ்டாட்' என்னும் ஊதாநிற இரகமும் ஏறத்தாழ இதே இயல்புடையது. ஸ்பானிய மொழியில் அப்பெயருக்கு நட்பு என்று பொருள்.

சல்வியா கிரெகியையும் சல்வியா மைக்ரோஃபிலாவும், சிவப்பும் வெள்ளையும் கலந்த 'ஹொட் லிப்ஸ்' போன்ற இரகங்களும் படங்களில் மிக அழகாக இருக்கும். ஆனால் கிரெகியை என்னும் இவ்வகை, டெக்சாஸிலும் வட மெக்சிக்கோவிலும் வறண்ட பாறைச் சரிவுகளில் வளர்வது. கொழும்பில் இவ்வகைகளை, மழை நேரடியாக விழாத, காற்றோட்டமும் காலை வெயிலும் உள்ள பல்கனியில், சாடியில் மட்டுமே வளர்க்க வேண்டும். வெல்வெட்டுப் போன்ற ஊதாப் புல்லிவட்டம் கொண்ட சல்வியா லூகாந்தா, 1,800 மீற்றருக்கும் மேல் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் செழிப்பது போல் இங்கே செழிப்பதில்லை. அதன் மயிரடர்ந்த இலைகள் தொடர்மழையில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கின்றன. மலைநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்கப்படும் செடியை வாங்கினால், உடனே உச்சி வெயிலில் வைக்காமல், இரண்டு வாரங்கள் பாதி நிழலில் பழக்கிய பின்னரே இடம் மாற்ற வேண்டும்.

சாடிக்கு 30 சென்ரிமீற்றர் அகலம் போதுமானது. குவரனிட்டிகாவுக்கு 40 வேண்டும். சுவரின் வழியே ஈரத்தை வெளியேற்றும் மண்சாடியே என் தெரிவு. இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்கு மக்கிய கூட்டெரு, ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு உமிக்கரி என்ற கலவை பல மழைக்காலங்களில் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. உப்புக் கலந்த கடல்மணலைப் பயன்படுத்தவே கூடாது. தும்புத்தூள் சேர்ப்பதாயின் நன்றாகக் கழுவி, ஒரு பிடி மட்டும் சேர்க்கலாம். அதற்கு மேல் சேர்த்தால் மழைக்காலத்தில் சாடி பஞ்சு போல் நீரை உறிஞ்சி வைத்திருக்கும். அடியில் கல் பரப்பினால் நீர் விரைவாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே ஈரம் தேங்குவதால், வேருக்கு உரிய இடம்தான் குறைகிறது. துளையின் மேல் ஓர் ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்தாலே போதும். சாடியை இரண்டு செங்கற்களின் மேல் உயர்த்தி வையுங்கள்; அடியில் தட்டு வேண்டாம். தட்டில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்வதோடு, டெங்கு நுளம்பு முட்டையிடும் இடமாகவும் ஆகிவிடும். நெருக்கமாக மனிதர் வாழும் இந்த நகரில் இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நிலத்தில் நடுவோர் குழி தோண்டுவதைவிட மேடு எழுப்புவதே நல்லது. இறுகிய கபுக் (செம்புரைக்கல்) மண்ணில் தோண்டிய குழியை நல்ல மண்ணால் நிரப்பினாலும், மழை பெய்ததும் அது நீர் நிரம்பிய வாளியாகிவிடும். 25 சென்ரிமீற்றர் உயரமான பாத்தி அமைத்து, செடிக்குச் செடி 60 முதல் 90 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். ஐந்தாறு மணிநேர வெயில் கிடைக்கும் கிழக்குப் பக்கமே சிறந்தது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆகிய இடங்களில் கடலை நோக்கிய மாடிகளில் வசிப்போர், உப்புக்காற்று நேரே அடிக்காத மூலையில் சாடியை வைத்து, வாரம் ஒருமுறை இலைகளை நல்ல நீரால் கழுவிவிட வேண்டும்.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பெருமழை ஓய்ந்தபின், டிசம்பர் இறுதியில் நடுவதே உகந்தது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் வறட்சியில் காலையில் மட்டும் நீர் ஊற்றி வந்தால், மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் வேர் ஊன்றிவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். பசளை அதிகம் தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு போதும். யூரியா இட்டால் இலை மட்டுமே மண்டும்.

பூங்கதிர் முடிந்ததும் அதற்குக் கீழேயுள்ள முதற் சோடி இலைக்கு மேலே வெட்டிவிடுங்கள். ஏப்ரல் மாதத்தில் செடி முழுவதையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால், மழையில் காற்றோட்டம் கிடைக்கும், கிளைகளும் சாயாது. கிரெகியை, மைக்ரோஃபிலா வகைகளில் இலையற்ற பழைய மரத்தண்டு வரை வெட்டினால் மீண்டும் துளிர்க்காமலே போகலாம். அடியிலிருந்து புதுத் தண்டு எழும் குவரனிட்டிகாவையோ தாழ வெட்டலாம்.

வெண்மூட்டுப்பூச்சியும் வெண் ஈயும், காற்றோட்டமில்லாத பல்கனிகளில் இலையின் அடிப்பக்கத்தில் கூடும். முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்; அதற்கும் போகாவிட்டால், ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்கார நீரும் கலந்து, மாலையில், பூக்களில் படாமல் தெளிக்கலாம். நிலத்துச் செடிகளின் இளந்தளிரைத் தின்னும் ஆபிரிக்க நத்தைகளை இரவில் விளக்குடன் சென்று பொறுக்குவதைவிட வேறு நல்ல வழியை நான் அறியேன்.

பூச்சிகொல்லி நஞ்சு எதையும் இச்செடியின் அருகே கொண்டுவர வேண்டாம் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. பல சல்வியா வகைகளில், பூவின் மேலுதட்டுக்குள் இரண்டு மகரந்தத் தாள்கள் நெம்புகோல் போல் அமைந்துள்ளன. தேனீ உள்ளே தலையை நுழைத்துத் தாளின் அடிமுனையைத் தள்ளும்போது, மேல்முனை தாழ்ந்து அதன் முதுகில் மகரந்தத்தைப் பூசிவிடுகிறது. ஒரு மெல்லிய ஈர்க்கை நுழைத்து இதை நீங்களே செய்து பார்க்கலாம், பிள்ளைகளுக்கும் காட்டலாம். அமெரிக்கக் கண்டத்தில் ஓசனிச்சிட்டுகள் நாடும் இந்தச் சிவந்த குழாய்ப் பூக்களை, இங்கே தேன்சிட்டுகள் கண்டுகொண்டுவிட்டன. நான்காம் மாடியிலுள்ள என் கொக்சினியாவுக்கும் காலை ஏழு மணியளவில் ஒரு சோடி வந்து போகிறது.

புதர்ச் சல்வியாவின் ஆயுள் கொழும்பில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்; ஒவ்வோர் ஆண்டும் புதுக்கன்று எடுத்து வைக்க வேண்டும். பூக்காத கிளை நுனியை 8 முதல் 10 சென்ரிமீற்றர் நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழிலைகளை அகற்றி, மீதமுள்ள பெரிய இலைகளைப் பாதியாகக் குறைத்து, பருமணலும் கழுவிய தும்புத்தூளும் சமமாகக் கலந்த சிறு கோப்பையில் ஊன்றுங்கள். வறண்ட மாதங்களில் அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலைக் கவிழ்த்து மூட வேண்டும். மழைக்காலத்தில் நம் காற்றிலுள்ள ஈரமே போதும். நேர்வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு, மூன்று வாரங்களில் வேர்விடும். மெல்ல இழுத்துப் பார்க்கும்போது தண்டு கையோடு வராமல் பற்றிக்கொண்டிருந்தால், இன்னும் ஒரு வாரம் விட்டுச் சாடிக்கு மாற்றி, நான்கு சோடி இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.