வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் கேமரா கொண்டுபோவது எப்படி? அங்கோர் வாட் பயணத்தை வைத்து ஒரு செய்முறை

முதன்முறையாகக் கேமராவோடு வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இருட்டில், பொத்தானைப் பார்க்காமல், உங்கள் கேமராவை இயக்க வருமா?

அப்பாவோடு கம்போடியா போனபோது எனக்கு வரவில்லை. கேமரா வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அங்கோர் வாட் கோவிலின் குளக்கரையில் விடியற்காலை நாலைந்து வரிசையாக ஆட்கள் நிற்கிறார்கள். கோபுரங்களுக்குப் பின்னால் வானம் சிவந்துகொண்டு வருகிறது. பொத்தானை அழுத்துகிறேன், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர படம் விழவில்லை. இருட்டில் ஃபோகஸ் பிடிக்க அதற்கு ஒரு விளிம்பு தேவை என்பதும், நான் அதைக் கறுத்த கோபுரத்தின் நடுவில் காட்டிக்கொண்டிருந்தேன் என்பதும் அப்போது தெரியாது. அந்தச் சிவப்பு பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்தக் காலைதான் இந்தச் செய்முறைக்குக் காரணம். வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: ஒரு மாதம் முன்பே பழகுங்கள்

வெளியூர்க் கோவிலைப் படம் எடுக்கப் பழக நம் ஊர்க் கோவிலே போதும். கிழக்கு பார்த்த கோபுரம் ஒன்று பக்கத்தில் இருந்தால், விடிவதற்கு அரை மணி முன்னால் அதன் மேற்குப் பக்கம் போய் நில்லுங்கள். கோபுரம் கறுப்பாகவும் வானம் வெளிச்சமாகவும் தெரியும். அங்கோர் வாட் குளக்கரையில் உங்களுக்குக் கிடைக்கப்போவதும் இதே காட்சிதான்.

ஃபோகஸ் புள்ளியைக் கோபுரமும் வானமும் சந்திக்கிற விளிம்பில் வையுங்கள். பொத்தானைப் பாதி அழுத்தினால் பீப் சத்தம் வரும். வந்ததும் லென்ஸில் இருக்கும் ஸ்விட்சையோ மெனுவையோ, ஃபோகஸைக் கையால் வைக்கிற மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அதன்பிறகு கேமரா ஃபோகஸைத் தேடி அலையாது. இதை ஐந்தாறு காலை செய்தால் விரல் தானே போகும்.

எல்லா மோடும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துளையின் அளவை நாம் வைத்து, ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் அப்பெர்ச்சர் மோடு ஒன்று போதும். துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணை 5.6-லிருந்து 8 வரை வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.-வை ஆட்டோவில் விட்டு, உச்ச வரம்பு 3200, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 விநாடி என்று மெனுவில் சொல்லிவிடுங்கள். அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். பயணம் முழுக்க அதிகம் உதவப்போவது அதுதான். வானம் சிவந்திருந்தால் ஒரு படி கழித்தல். வெளுத்த வானத்துக்கு முன்னால் ஆள் நின்றால் முகம் கறுக்கும், அப்போது ஒரு படி கூட்டல். வேலை முடிந்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

படி 2: பையில் என்ன வைப்பது

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் போதும். இன்னொன்று வேண்டுமென்றால் 55-250 போல எட்ட எடுக்கிற லென்ஸ் ஒன்று. மூன்றாவது லென்ஸ் வேண்டாம். மலிவு விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான் கணக்கு. அங்கே போனபின் அந்தப் பையைச் சுமந்துகொண்டு செங்குத்தான கல்படிகளில் ஏறப்போவதும் நீங்கள்தான்.

மெமரி கார்டில் 256 ஜி.பி. ஒன்று வாங்குவதைவிட 64 ஜி.பி. மூன்று வாங்குவதையே நான் சொல்வேன். ஒன்று தொலைந்தாலும் பயணம் முழுக்கத் தொலையாது. 24 மெகாபிக்சல் கேமராவில் சாதாரண ஜேபெக் படம் 8, 9 எம்.பி. வரும். அந்தக் கணக்கில் 64 ஜி.பி. கார்டு ஒன்றில் ஏறத்தாழ 7000 படம் அடங்கும். பின்னால் திருத்த வசதியான ரா வடிவில் எடுத்தாலும் 2000 தேறும். புது கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

பேட்டரி இரண்டாவது கட்டாயம் வேண்டும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா ஒரு சார்ஜில் 300, 400 படம் தாங்கினால் அதிகம். அங்கே காலை நாலரைக்குக் கிளம்பினால் அறைக்குத் திரும்ப மதியம் ஆகிவிடும்.

சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 100-240வி என்று அச்சடித்திருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். கம்போடியாவிலும் நம் ஊர் மாதிரி 230 வோல்ட்தான். நம் மூன்று முள் பிளக் மட்டும் அங்கே சேராது, அதற்கு ஒரு பயண அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸ் துடைக்கும் துணி, ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பை இரண்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து. இவ்வளவுதான்.

படி 3: விமான நிலையம்

உபரி பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால், விமானத்துக்குள் என்றால் அணைத்துவிடலாம், அடித்தட்டில் பெட்டிக்குள் என்றால் கை எட்டாது. வரம்பு ஒவ்வொன்றுக்கும் 100 வாட்-ஹவர். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் அந்த எண் கிடைத்துவிடும். 7.2 வோல்ட், 1040 எம்.ஏ.எச். கேமரா பேட்டரி வெறும் 7.5தான். 20000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74. இரண்டும் வரம்புக்குள்தான். பேட்டரியின் உலோக முனையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால், சாவியோ சில்லறையோ பட்டு ஷார்ட் ஆகாது.

எக்ஸ்ரே இயந்திரம் டிஜிட்டல் கேமராவையோ மெமரி கார்டையோ ஒன்றும் செய்யாது. அந்தப் பயம் ஃபிலிம் காலத்தது.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற வேலை. விலை உயர்ந்த கேமரா என்றால், கிளம்பும்போதே விமான நிலையத்தில் இருக்கும் இந்தியச் சுங்கத் துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவின் அடியில் இருக்கும் வரிசை எண்ணை அதில் குறித்துத் தருவார்கள். திரும்பி வரும்போது இது வெளிநாட்டில் வாங்கியதா, வரி கட்ட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தால் அந்தத் தாள் பேசும். பெட்டியைச் செக்-இன் செய்வதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். கேமரா வாங்கிய பில்லையும் வரிசை எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்தால், தொலைந்து போனால் போலீஸில் சொல்லவும் உதவும்.

படி 4: இறங்கியதும் கடிகாரம்

கம்போடியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கேமராவின் நேரத்தை அன்றே மாற்றுங்கள். இல்லாவிட்டால் போனில் எடுத்த படமும் கேமராவில் எடுத்த படமும் ஊருக்கு வந்தபின் வரிசையில் சேராது.

படி 5: ஏசி அறையிலிருந்து வெளியே வருவது

அங்கே வெக்கையும் ஈரமும் சென்னை மாதிரியேதான். குளிர்ந்த அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் பனி மூடியதுபோல நீர் படியும். துடைத்தால் மறுபடி படியும், அவசரத்தில் லென்ஸைக் கழற்றினால் உள்ளேயும் படியும். கேமராவைப் பைக்குள் வைத்து மூடியபடியே வெளியே கொண்டுவந்து, அரை மணி கழித்துத் திறவுங்கள். ராத்திரியே ஏசி படாத குளியலறைப் பக்கம் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அங்கே ஈரம் அதிகம், நான் செய்யமாட்டேன். விடுதியிலிருந்து கோவிலுக்குத் துக்துக்கில் போகிற நேரமே போதும். பையைத் திறக்காமல் மடியில் வைத்திருங்கள்.

படி 6: அங்கோர் வாட், ஒரே கோவில் இரண்டு முறை

நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62 டாலர். படம் எடுக்கிறவர்கள் மூன்று நாள் சீட்டே வாங்குங்கள். காரணம் கோவில் நிற்கிற திசையில் இருக்கிறது.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டிய இந்தக் கோவில் மேற்கு பார்த்தது. அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னாலிருந்து எழுகிறது. விடியலில் கிடைப்பது கறுப்பு உருவமும் குளத்தில் அதன் நிழலும்தான், கல்லில் ஒரு கோடுகூடத் தெரியாது. அந்தப் படத்தோடு திரும்பிவிடுகிறவர்கள் பலர். மாலை நான்கு மணிக்கு மேல் அதே இடத்துக்கு வந்து பாருங்கள். வெயில் நேராக முகப்பில் விழுந்து கோவில் பொன்னிறமாக நிற்கும், கூட்டமும் காலை அளவுக்கு இருக்காது. எனக்கு அந்த மாலைப் படம்தான் பிடிக்கும்.

விடியலுக்கு உள்ளே விடுவது 5 மணிக்கு. மாதத்தைப் பொறுத்து 5.30-லிருந்து 6.30-க்குள் சூரியன் வந்துவிடும். உள்ளே நுழைந்து போகும்போது இடது பக்கம் வருகிற குளத்துக்குப் போங்கள். வீட்டில் பழகியபடி விளிம்பில் ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றுங்கள். கோபுரம் மேல் பாதியிலும் நிழல் கீழ்ப் பாதியிலும் வரும்படி பிடியுங்கள். கேமராவைத் தாழ்த்தினால் நிழல் நன்றாக விழும், ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரியும். நான் ட்ரைபாட் கொண்டுபோவதில்லை, அந்தக் கூட்டத்தில் விரிக்க இடம் இல்லை. பையைத் தரையில் வைத்து அதன்மேல் கேமராவை அமர்த்தி, இரண்டு விநாடி டைமர் போட்டால் ஆடாது.

சூரியன் மேலேறியதும் கூட்டம் காலைச் சாப்பாட்டுக்குக் கலையும். நீங்கள் கிழக்குப் பிராகாரத்துக்குப் போங்கள். பாற்கடல் கடையும் காட்சி அங்கேதான், ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கியிருக்கிறார்கள். நடுவில் ஆமையின் மேல் நிற்கும் மலையும் திருமாலும், ஒரு பக்கம் வாசுகியின் தலையைப் பிடித்த அசுரர்கள், மறுபக்கம் வாலைப் பிடித்த தேவர்கள். அப்பா அதன்முன் நின்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். வழிகாட்டி பேசத் தேவையே இருக்கவில்லை.

இங்கே ஃப்ளாஷ் போடாதீர்கள். நேரே அடிக்கிற வெளிச்சத்தில் புடைப்புச் சிற்பம் தட்டையாகிவிடும். காலையில் கிழக்கிலிருந்து தூண்களின் இடைவெளியில் வருகிற வெயில் சாய்வாக விழுகிற இடங்களைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு அசுரனின் பிதுங்கிய கண்ணுக்குக் கீழும் ஒரு சின்ன நிழல் இருக்கும், பாம்பின் உடலைப் பிடித்த விரல்கள் தனித்தனியாகத் தெரியும். 49 மீட்டரையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்க வேண்டாம். மூன்று படம் எடுங்கள்: சுவரை ஒட்டி நின்று நீளம் தெரிய ஒன்று, திருமாலை நடுவில் வைத்து ஒன்று, ஒரு முகமும் ஒரு ஜோடிக் கையும் மட்டும் நெருக்கமாக ஒன்று. சுவரைத் தொடவோ அதில் சாயவோ கூடாது.

படி 7: மற்ற கோவில்கள்

தா ப்ரோம் கோவிலில் மர வேர்கள் சுவர்களைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. உச்சி வெயிலில் போனால் இலைகளின் ஊடே விழும் வெளிச்சம் புள்ளி புள்ளியாக வெளுத்துப் படத்தைக் கெடுக்கும். காலையிலோ மேகம் கவிந்த நேரத்திலோ போங்கள். வேரின் பருமன் தெரிய உங்களோடு வந்தவரைப் பக்கத்தில் நிற்கவையுங்கள்.

பாயோன் கோவிலில் திரும்பிய பக்கமெல்லாம் கல்முகம். எட்ட எடுக்கிற லென்ஸ் இருந்தால் இங்கே மாட்டுங்கள். முன்னால் ஒரு முகம், தொலைவில் இன்னொரு முகம் என்று சேர்த்துப் பிடிக்கலாம். பான்தே ஸ்ரீ சின்னக் கோவில், செம்மணற்கல்லில் மிக நுணுக்கமான வேலை. கயிறு கட்டிய இடங்களில் அருகே போக முடியாது, அங்கேயும் அந்த லென்ஸ்தான் கைகொடுக்கும்.

எங்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். துறவிகளைக் கேட்காமல் எடுக்காதீர்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, அவர்களும் நம்மைப் போல் கைகூப்பித்தான் வணங்குகிறார்கள். கைகூப்பிவிட்டுக் கேமராவைக் காட்டிப் புன்னகைத்தால் புரிந்துகொள்வார்கள். தலையசைத்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது, அதை ஊரிலேயே வைத்துவிடுங்கள்.

படி 8: ஒவ்வொரு ராத்திரியும்

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் படுக்கும் முன் இந்த நாலு வேலை: பேட்டரி இரண்டையும் சார்ஜில் போடுங்கள். அன்றைய படங்களைக் கார்டு ரீடர் வழியாகப் போனுக்கோ, படங்களைச் சேமிக்கிற சின்ன எஸ்.எஸ்.டி. டிஸ்குக்கோ பிரதி எடுங்கள். லென்ஸின் முன்பக்கத்தைத் துடையுங்கள். கூட்டல் கழித்தல் பூஜ்யத்தில் இருக்கிறதா, ஐ.எஸ்.ஓ. ஆட்டோவில் இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரிக் கடைத்தெருவில் 6400-க்கு ஏற்றிவைத்து, மறுநாள் காலை முழுக்க அதிலேயே எடுத்தால் படமெல்லாம் மணல் தூவியதுபோல இருக்கும்.

கார்டும் பிரதியும் ஒரே பையில் இருக்கக் கூடாது. பிரதியைக் கூட வருகிறவரிடம் கொடுத்துவையுங்கள். இடம் போதவில்லை என்று கார்டை அழிக்காதீர்கள், அடுத்த கார்டைப் போடுங்கள்.

ஊருக்கு வந்ததும் படங்களைக் கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று என இரண்டு இடத்தில் ஏற்றுங்கள். இரண்டிலும் அங்கங்கே சில படங்களைத் திறந்து பார்த்தபிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். அப்புறம் பிடித்த பத்துப் பன்னிரண்டு படத்தைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போடக் கொடுங்கள். 24 மெகாபிக்சல் படம் 12-க்கு 18 அங்குலம் வரை தெளிவாக வரும். எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது குளக்கரைப் படம் இல்லை. பாற்கடல் சுவரின் முன்னால், ஓர் அசுரனைப் பார்த்து விரல் நீட்டிக்கொண்டிருக்கும் அப்பா.