புதுச்சேரியில் பழைய வீட்டு அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஊருக்கு வரும் உறவுகள் புதுச்சேரிக்கு ஒரு நாள் ஒதுக்கினால் கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர் முன்னால் படம், ஆரோவில் என்று பொழுது போய்விடுகிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்ந்த பகுதியில், இரண்டு வீடுகள் அருங்காட்சியகமாக இருக்கின்றன. ஒன்று ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி 20ஆம் எண், பாரதியார் வீடு. இன்னொன்று பெருமாள் கோயில் வீதி 95ஆம் எண், பாரதிதாசன் வீடு. உள்ளே போன பலர் பத்து நிமிடத்தில் வெளியே வந்து “பெரிசா ஒண்ணுமில்லையே” என்பார்கள். படங்களையும் கண்ணாடிப் பெட்டியையும் பார்த்தவர்கள், அவற்றைத் தாங்கி நிற்கும் வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு காலைப்பொழுது வையுங்கள்.

முதலில் நாள். திங்களன்றும் அரசு விடுமுறையிலும் பூட்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வருவோர் தவறவிடுவது ஆகஸ்ட் 16. சுதந்திர தினத்துக்கு மறுநாளும் இங்கே விடுமுறை, 1962இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். நவம்பர் 1 விடுதலை நாள், 1954இல் ஆட்சி கைமாறியது அன்று. எல்லை தாண்டினால் கடலூரில் இந்த இரண்டு நாளும் சாதாரண வேலை நாள்தான், அதனால் தமிழ்நாட்டு நாள்காட்டியை நம்பி வருவோர் ஏமாறுவார்கள். மதிய இடைவேளையும் உண்டு. பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்குள் முடிப்பது நல்லது, வெயிலுக்கும் அதுவே தோது.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். நடைபாதை தாண்டிச் சாலைவரை துணிக்கடை விரித்திருப்பார்கள், ஆட்டோ உள்ளே நுழையாது. முதியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் வேறு நாள் பாருங்கள். ஆட்டோவில் மீட்டர் ஓடாது, ஏறும் முன்பே தொகை பேசிக்கொள்ளுங்கள். இடத்தைச் சொல்லும்போது “பாரதியார் வீடு, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதி” என்று வீதிப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் “பாரதி” என்றால் கடற்கரைப் பக்கம் பாரதி பூங்காவில் கொண்டுபோய் இறக்கிவிட வாய்ப்பு உண்டு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கடலூரிலிருந்து வருவோருக்குப் பேருந்தே போதும், சுமார் 22 கிலோமீட்டர். ரயிலில் கடலூர் வருகிறவர்கள் நகரத்துக்குள் இறங்கத் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்துக்குச் சீட்டு எடுக்க வேண்டும். கடலூர் துறைமுகம் சந்திப்பு முதுநகர்ப் பக்கம் தள்ளி இருக்கிறது.

இனி வீட்டுக்கு வருவோம். உள்ளே போவதற்கு முன் வீதியிலேயே ஐந்து நிமிடம் நில்லுங்கள். இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் வாசலுக்கு முன்னால் மரக்கால்கள் மேல் சாய்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை ஒன்று இருக்கும். அதுதான் தாழ்வாரம், வழியில் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க விட்ட இடம். அதை ஒட்டித் திண்ணை. கதவைத் தாண்டினால் நடை என்னும் இடைவழி, பிறகு வானம் தெரியும் முற்றம், அதைச் சுற்றித் தூண்கள், பின்கட்டில் கிணறு. கீழ்த்தளம் தமிழ் முறை, மாடி பிரெஞ்சு முறை என்று கட்டிய வீடுகளும் உண்டு. கீழே மரத்தூண் நிற்க, மேலே வளைவுச் சன்னலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூணும் இருக்கும். வரிசையாக முகப்புகள் சீரமைக்கப்பட்ட வைசியாள் வீதியில் ஒரு முறை நடந்துவிட்டு வந்தால் எது தமிழ் முறை, எது பிரெஞ்சு முறை என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாகத் தேக்குக் கட்டைகளும் அவற்றின் மேல் சாய்வாக நெருக்கி நிறுத்திய மெல்லிய செங்கற்களும் தெரிந்தால் அது மெட்ராஸ் தளம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடு. இதில் முதலில் கெடுவது கட்டையின் நுனி. சுவருக்குள் புதைந்து காற்றாடாமல் இருப்பதால் மாடியில் ஒழுகும் நீர் அங்கேதான் தங்கும். நுனி உளுத்துப்போகும், கரையானும் ஏறும். சீரமைத்த வீட்டில் நிறம் மாறிய புதுக்கட்டையோ தாங்கலுக்கு வைத்த இரும்போ கண்ணில் பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து சுவர். இடுப்பு உயரம்வரை பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் “பராமரிப்பே இல்லை” என்று முகம் சுளிக்க வேண்டாம். கடலோர ஊர், மண்ணிலேயே உப்பு. அடியிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். சிமெண்டு பூசி, மேலே பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, உப்பு காய்ந்து பூச்சையே பெயர்த்துத் தள்ளும். ஊரில் உங்கள் தாத்தா வீட்டைப் புதுப்பிக்க எண்ணம் இருந்தால் இந்த ஒரு பாடத்துக்காகவே வரலாம். பணம் அனுப்பி டைல்ஸ் ஒட்டச் சொல்வதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்து பத்து ஆண்டுகள் இருந்தார். ஒரே வீட்டில் அல்ல, இது அவர் குடியிருந்த வீடுகளில் ஒன்று. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் இந்த ஊர் வாசத்தில் எழுந்தவை. பிள்ளைகளுக்கு முதல் நாள் இரவே ஒரு பாட்டைப் படித்துக் காட்டிவிட்டுக் கூட்டி வாருங்கள். வந்த இடத்தில் வகுப்பு எடுத்தால் முற்றத்தில் ஓடத்தான் பார்ப்பார்கள். 1918 நவம்பரில் அவர் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். கடலூர், புதுச்சேரி இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கிறவர்கள் பேருந்தில் அந்த எல்லையைக் கடக்கும்போது பிள்ளைகளிடம் சொல்லலாம்.

செருப்பை வெளியே விட வேண்டியிருக்கும். நண்பகலில் முற்றத்துக் கல் சுடும், காலுறை வைத்துக்கொள்ளுங்கள். நிலைப்படி உயரம், மாடிப்படி செங்குத்து. சக்கர நாற்காலியோடு முன்கட்டைத் தாண்டுவது கடினம். கழிப்பறை வேலையைத் தங்குமிடத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். படம் எடுக்கப் பொறுப்பாளரிடம் “ஐயா, எடுக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அனுமதித்தாலும் ஃபிளாஷ் வேண்டாம், பழைய காகிதமும் மையும் வெளிச்சத்தில் மங்கும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும், வெளிநாட்டு அட்டை சின்ன இடங்களில் எடுபடாது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்போருக்கு நினைவுச்சின்னங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தியருக்கு உரிய கட்டணம்தான். ஆனால் அசல் அட்டையைக் காட்ட வேண்டும்.

ரீயூனியன், குவாதலூப், மொரிசியஸ், பிரான்ஸ் என்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே வந்து “எங்கள் பாட்டனார் பெயர் இருக்கிறதா?” என்று கேட்பதுண்டு. குடும்பப் பதிவுகளை இந்த வீடுகளில் தேட வேண்டாம். பிரெஞ்சுக் காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளுக்கு பிரான்சில் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் நகரத்திலுள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தின் இணையப் பதிவேடுகளைக் கிளம்பும் முன்பே வீட்டிலிருந்து பாருங்கள். குடும்பப் பெயரை வைத்துத் தேடி ஒரு கட்டத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காவிட்டால் 1881ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போதுதான் நிலையான குடும்பப் பெயர் எடுத்தார்கள். அதற்கு முந்தைய ஏட்டில் தகப்பனார் பெயரைக் கொண்டுதான் தேட முடியும். பழைய கடிதத்தில் டூப்ளேக்ஸ் வீதி என்றிருந்தால் அது இன்றைய நேரு வீதி.

வீடுகளைப் பார்த்த ஆசையில் பழைய கதவு, தூண், பித்தளைச் சாமான் வாங்கிக் கப்பலில் அனுப்ப நினைப்போர் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளையும், எழுபத்தைந்து ஆண்டு தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. “இது பழசு மாதிரி செஞ்சதுதான்” என்று கடைக்காரர் சொன்னால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றை வாங்கித் தரச் சொல்லிவிட்டு, அது கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.