ஆன்டிவைரஸ் நிறுவல் பாதியில் நின்று கணினி திறக்கவில்லையா? ஃபார்மட் செய்யாமல் மீட்கும் வழி

சென்ற மாதம் என் அண்ணன் மகளின் மடிக்கணினி கறுப்புத் திரையோடு என் மேசைக்கு வந்தது. சந்தா முடிந்த பழைய ஆன்டிவைரஸை நீக்காமலேயே வேறொன்றை நிறுவத் தொடங்கியிருக்கிறாள். அது பாதியில் அசையாமல் நின்றதும் கணினியை அணைத்துவிட்டாள். அதன்பிறகு எத்தனை முறை போட்டாலும் விண்டோஸ் சின்னமும், அதன் கீழே ஓயாமல் சுற்றும் புள்ளிகளும்தான். ஃபார்மட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அவளுடைய ஆய்வேடு முழுவதும் அதற்குள் இருந்தது. வேறு நகல் இல்லை. இரண்டு மாலைகளில் ஒரு கோப்பும் போகாமல் மீட்டுவிட்டோம்.

ஆன்டிவைரஸ் மற்ற மென்பொருள்களைப் போன்றதல்ல. கணினி விழிக்கும்போதே தன் டிரைவர்களையும் (விண்டோஸோடு ஒட்டி இயங்கும் சிறு நிரல்கள்) ஏற்றிக்கொள்ளும். இரண்டு நிறுவனங்களின் டிரைவர்கள் ஒரே கோப்பைக் கண்காணிக்கப் போட்டியிட்டால், அதிலும் ஒன்று அரைகுறையாக இருந்தால், விண்டோஸ் முழுமையாகத் திறக்காமல் போகலாம். ஆகவே அந்த டிரைவர்கள் ஏறாத 'சேஃப் மோடு' என்னும் நிலையில் கணினியைத் திறந்து, இரண்டையும் வேரோடு எடுக்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இதே வழிதான்.

படி 1: சேஃப் மோடுக்குள் நுழையுங்கள்

விண்டோஸ் சின்னம் தெரிந்ததும் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு, மூன்று முறை செய்தால் அடுத்த முறை மீட்புத் திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகச் செல்லுங்கள். எண்களோடு ஒரு பட்டியல் தோன்றும், 4ஐ அழுத்துங்கள்.

நடுவில் 48 இலக்க எண் கேட்டால் அஞ்ச வேண்டாம். அது வட்டைப் பூட்டியிருக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவி. சொந்தக் கணினியாக இருந்தால், பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: நீக்குதல்

என் முதல் மாலை முழுவதையும் விழுங்கியது இந்தப் படிதான். சேஃப் மோடு திறந்துவிட்ட மகிழ்ச்சியில் நேராகக் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், ஆன்டிவைரஸின் பெயர்மேல் 'அன்இன்ஸ்டால்' கொடுத்தேன். விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவையை அணுக முடியவில்லை என்று செய்தி வந்தது. அந்தச் சேவையும் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டி, அதைச் சரிசெய்யும் வழிகளைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

அது பழுதே அல்ல. சேஃப் மோடில் மிக அவசியமான சேவைகள் மட்டுமே இயங்கும். இன்ஸ்டாலர் சேவைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதை நம்பியிருக்கும் எந்த மென்பொருளையும் அங்கே வழக்கமான முறையில் நீக்க முடியாது. இந்தச் செய்தியைப் பார்த்துத்தான் பலர் மனம் தளர்ந்து ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கென்றே ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் தனி நீக்கும் கருவியை இலவசமாகத் தருகின்றன. வேறொரு கணினியில், அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் அதைத் தரவிறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள். புதியதற்கு உரிய கருவியை ஓட்டி, கணினியை மறுபடி சேஃப் மோடில் திறந்து, பழையதற்கு உரியதை ஓட்டுங்கள். எங்களுக்கு இரண்டாவது கருவி முடிந்த பிறகுதான் விண்டோஸ் வழக்கம்போலத் திறந்தது.

கருவி கிடைக்காவிட்டால், விண்டோஸை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் உதவும். அது அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் இருக்கிறது. உங்கள் சொந்தக் கோப்புகளை அது தொடாது. ஆனால் தேர்ந்தெடுத்த நாளுக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், அன்று இருந்த பழைய ஆன்டிவைரஸும் திரும்பி வரலாம். அதனால்தான் நான் அதை இரண்டாவதாக வைக்கிறேன். மடிக்கணினியைச் சார்ஜரில் மாட்டிவிட்டுத் தொடங்குங்கள், நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று விளம்பரப்படுத்தப்படும் எதையும் இந்த நேரத்தில் தொடவே வேண்டாம். ஏற்கெனவே தடுமாறும் கணினியில் எதை அழிக்கும் என்று உங்களால் கணிக்க முடியாது.

படி 3: சரிபார்த்தல்

ஆய்வேட்டுக்கு உடனே ஒரு நகல் எடுத்தோம். நீங்களும் வேறெதற்கும் முன்பாக அதைச் செய்யுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ் என்று ஆங்கில எழுத்துகளில் (sfc /scannow) தட்டுங்கள். சிதைந்த விண்டோஸ் கோப்புகளை அது கண்டுபிடித்து மாற்றும். சிறிது நேரம் நகராததுபோல் தோன்றினாலும் மூடிவிடாதீர்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, உள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். வேறு ஆன்டிவைரஸ் இல்லாதபோது அது தானாக விழித்துக்கொள்ளும். ஒரு மாணவிக்கு அதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. அவள் கணினியில் வேறு எதையும் நாங்கள் நிறுவவில்லை.

பிற்சேர்க்கை: சேஃப் மோடில் பின் எண் ஏற்கவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். அதை முன்கூட்டியே நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. இன்னொருவருக்கு ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே திறக்கிறதாம். அவர் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'சேஃப் பூட்' கட்டத்தில் குறியிட்டிருக்கிறார். அந்தக் குறியை எடுத்துவிட்டு மறுபடி தொடக்கினால் சரியாகிவிடும்.